பற்றவைப்புக் கலையும் பழைய இயந்திரங்களின் மறுவாழ்வும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பற்றாசு என்பது பழைய தமிழ்ச் சொல். உலோகத் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் இடைப்பொருளை அது குறிக்கும். துணை, ஆதாரம் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. பொற்கொல்லர் வெங்காரம் தூவி, ஊதுகுழலால் தீயை ஊதி நகையை இணைத்ததும், இன்றைய பட்டறையில் வாயுத் தீயால் பித்தளைக் கம்பியை உருக்கி இரும்பை இணைப்பதும் அடிப்படையில் ஒரே கலையே ஆகும். இக்கலையைப் பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகக் கற்று, துருப்பிடித்த கடைசல் இயந்திரத்தையோ உடைந்த துளையிடும் கருவியையோ மீண்டும் இயங்கச் செய்வோர் பலர். அவர்களது முயற்சி வெறும் பொழுதுபோக்கா, அன்றி நாட்டுக்கும் பயன் தருவதா என்பது மாணவரும் அலுவலரும் சிந்திக்கத் தக்க வினாவாகும்.

கணவாயும் மலையும்

பாலக்காட்டுக் கணவாய்க்கு ஒருபுறம் கோவை; மறுபுறம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் ஆலைகளும் பம்புசெட் பட்டறைகளும் பெருகின. 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் அந்நகரில் உருவானதில் பங்கு கொண்ட ஜி. டி. நாயுடு, பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பார்த்தே இயந்திர அறிவைத் தொடங்கியவர். விருப்பம் தொழிலாக மலர்ந்ததற்கு அவர் வாழ்வே சான்று.

தெற்கே இடுக்கி மலைகளின் வரலாறு வேறு வகையானது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இயந்திரம் பழுதுபட்டால், உதிரிப் பாகம் சமவெளியிலிருந்தோ கடல் கடந்தோ வரவேண்டியிருந்தது. அத்தகைய இடத்தில் பழுது நீக்கும் கை எவ்வளவு மதிப்புடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் எருதுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது; 1908இல் அது இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றப்பட்டது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்துவிட்டது; பாதை மீண்டும் போடப்படவில்லை. அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றும், கன்னிமலைத் தோட்டத்தில் 1920களில் மின்சாரம் உண்டாக்கிய பெல்டன் சக்கரமும், 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டு இயந்திரமும் நல்லதண்ணித் தோட்டத்து அருங்காட்சியகத்தில் உள்ளன. எஞ்சியவை இவை, எடைக்குப் போனவை எத்தனையோ.

குண்டளையில் அழிந்த பாதையின் வகையைச் சேர்ந்த ஒன்று பஞ்சாபில் பிழைத்தது. பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில் 1907இல் தொடங்கி, 1927 அளவில் நின்றுபோயிற்று. 1962இல் மைக்கேல் சாட்டோ என்னும் ஆங்கிலேயர் அதன் எஞ்சின்களைப் பழைய கொட்டகையில் கண்டார். அவர் இரசாயன நிறுவனமொன்றின் அதிகாரி. ரயில் அவருக்கு விருப்பக் கலை மட்டுமே. பின்னர் அமிர்தசரஸ் ரயில்வே பணிமனை ஓர் எஞ்சினைச் செப்பனிட்டது. அது இன்று தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓர் ஆர்வலரின் கண்ணும் ஓர் அரசுப் பணிமனையின் கையும் சேர்ந்தபோது விளைந்த பயன் இது.

இணைப்பு இருவகை

பற்றவைப்பைக் கற்பவர் முதலில் தெளிய வேண்டியது, உருக்கி இணைப்பதற்கும் உருக்காமல் இணைப்பதற்கும் உள்ள வேறுபாடு. வெல்டிங்கில் இணையும் இரு துண்டுகளின் விளிம்புகளே உருகி ஒன்றாகின்றன. பிரேசிங் எனப்படும் பற்றாசு இணைப்பில் துண்டுகள் உருகுவதில்லை. அவற்றினும் குறைந்த வெப்பத்தில் உருகும் பித்தளையோ வெள்ளிக் கலவையோ இடையில் பாய்ந்து பற்றிக்கொள்கிறது. இவ்விணைப்பு 450 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நிகழ்வது. அதற்குக் கீழே நிகழ்வது ஈயப் பற்று. வெங்காரம் உருகி, உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடைக் கரைத்து, பற்றாசு பரவ வழி செய்கிறது.

பழைய இயந்திரங்களில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பால் ஆனவை. அதில் கரி 2 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். சாதாரண எஃகுக் கம்பியைக் கொண்டு அதை அவசரமாக வெல்டிங் செய்தால், உருகிய இடம் விரைவில் குளிர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. இணைப்பின் ஓரத்திலேயே புதிய விரிசல் தோன்றுகிறது. ஆகவே பழுது பார்ப்பவர் விரிசலின் இரு நுனிகளிலும் துளையிட்டு அது மேலும் ஓடாமல் தடுக்கிறார். விரிசலைப் பள்ளமாக அராவுகிறார். முழுப் பாகத்தையும் சீராகச் சூடேற்றுகிறார். பித்தளையாலோ நிக்கல் கலந்த கம்பியாலோ இணைக்கிறார். பின்னர்ச் சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெல்ல ஆறவிடுகிறார். பொறுமை இன்றேல் ஐம்பது ஆண்டு உழைத்த இயந்திரம் ஒரு பிற்பகலில் பாழாகும்.

துரு நீக்குவதற்கும் எளிய முறை உண்டு. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பாகத்தை மூழ்கவைத்து, பேட்டரிக்கு மின்னேற்றும் கருவியின் எதிர்முனையை அதனோடும், நேர்முனையை வேறோர் இரும்புத் தகட்டோடும் இணைத்தால், பாகம் தேயாமலேயே துரு தளர்ந்துவிடும். தகட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்துதல் கூடாது; நச்சுத் தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிப்படுவதால் இப்பணி காற்றோட்டமான இடத்தில், தீப்பொறிக்கு அப்பால் நடைபெற வேண்டும்.

கற்கும் முறையும் காப்பும்

ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் சிறிய இன்வர்ட்டர் வெல்டிங் இயந்திரங்கள் வந்துவிட்டமையால், வீட்டுக் கொட்டகையிலும் இக்கலை சாத்தியமாகியுள்ளது. 3.15 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 90 முதல் 130 ஆம்பியர் வேண்டும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் இம்மலைப் பகுதிகளில் கம்பியின் மேற்பூச்சு ஈரத்தை உறிஞ்சி, இணைப்பில் நுண்துளைகளை உண்டாக்கும். கம்பிகளை உலர்வாகக் காப்பது இங்கு முதற் பாடமாகும்.

ஆனால் தனியே கற்பதில் ஆபத்து உண்டு. மின்வில்லின் புறஊதாக் கதிர் சில நொடிகளில் கண்ணைப் புண்ணாக்கும். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சல் தரும். ஆக்சிஜன் கருவிகளில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் தீப்பற்றும். அசிட்டிலீன் வாயுவைச் செப்புக் குழாயில் செலுத்தலாகாது. வெடிக்கும் கூட்டுப்பொருள் உண்டாகும். பழைய எண்ணெய்ப் பீப்பாயை நன்கு தூய்மை செய்யாமல் தீயிட்டு வெட்டுதல் உயிருக்கே கேடு. இவற்றை நூலைப் படித்து அறிவதினும், பழுத்த கைவினைஞர் ஒருவரின் அருகில் நின்று அறிவதே நலம்.

அலுவலர் செய்யக்கூடியது

கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பாக உள்ளது. திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்கிவருகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம், கொல்லர் உள்ளிட்ட 18 மரபுத் தொழிலினருக்குப் பயிற்சியும், கருவி வாங்க 15,000 ரூபாயும், குறைந்த வட்டியில் கடனும் அளிக்கிறது. தொழிலாகக் கொள்வோர்க்கு இவ்வாறு வாயில்கள் திறந்துள்ளன. விருப்பத்தால் கற்க வருவோர்க்கோ, பெரும்பாலும் தெருவோரப் பட்டறையே பள்ளியாக உள்ளது.

இக்குறையைப் போக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பயிற்சி நிலையத்துப் பணிமனைகளை வாரத்தில் ஒரு மாலை, ஆசிரியர் மேற்பார்வையில், சிறு கட்டணத்துக்குத் திறந்துவிடலாம். அரசுப் பணிமனைகளில் கழிவு செய்யப்படும் இயந்திரங்களை எடைக்கு ஏலம் விடுமுன், செப்பனிடத்தக்கவை எவை எனப் பிரித்து அறியலாம். அவற்றை மாணவரின் பயிற்சிப் பொருளாகக் கொள்ளலாம். ஓய்வு பெற்ற ஆலைப் பொறியாளரையும் தோட்டத்துப் பிட்டர்களையும் ஆசானாக அழைக்கலாம்.

உருக்கிய இரும்பு மீண்டும் இரும்பாகக் கிடைக்கும். ஆனால் அந்த இயந்திரத்தைப் பழுது பார்த்த கை அறிந்திருந்த நுட்பத்தை எந்த உலையிலிருந்தும் மீட்க இயலாது. அக்கையின் அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்லும் காலம் இதுவே. அதற்கான இடத்தை ஒதுக்கித் தருவது பொறுப்பில் உள்ளோரின் கடமையாகும்.