ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

தமிழ்ச் சங்க மேடை என்றால் இலக்கியம் பேசுவதே மரபு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் எம்மைப் போன்றவர்க்கு அத்துணிவு ஏது? ஆயினும் நாள்தோறும் பிறர் பணத்தை எண்ணி வாங்கி, எண்ணிக் கட்டி, கணக்கு ஒப்படைப்பது எமது தொழில். அந்த ஒரே தகுதியைக் கொண்டு, கைப்பேசி வழியாகப் பணம் கொடுப்பதிலும் வாங்குவதிலும் நாம் மேற்கொள்ள வேண்டிய ஜாக்கிரதையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம்.

நாம் கூடியிருக்கும் இந்தக் கிழக்கேகோட்டை, பணம் கைமாறுவதை நெடுங்காலமாகக் கண்டுவரும் இடமாகும். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெரு இதோ அருகில் இருக்கிறது. திருவிதாங்கூர் ராஜ்யம் இருந்த நாளில் 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு சர்க்கார் ரூபாய். அந்தச் சக்கரமோ மிளகளவே இருக்கும் சிறு நாணயம். அதை ஒவ்வொன்றாக எண்ணி மாளாது என்று, வரிசை வரிசையாகக் குழிகள் இட்ட பலகை ஒன்றை வைத்திருந்தனர். நாணயங்களை அதன்மேல் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும். குழிகள் நிறைந்தால் கணக்கும் சரி. கண்ணால் கண்டு எண்ணாத பணத்தை அந்நாளில் எவரும் பெட்டியில் போட்டதில்லை.

இன்று அந்தப் பலகை இருந்த இடத்தில் கட்டம் கட்டமான கியூஆர் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ரிசர்வ் வங்கியின் அப்போதைய கவர்னர் ரகுராம் ராஜன் அவர்கள் யு.பி.ஐ. என்னும் முறையைத் தொடங்கிவைத்தார். இன்று தோவாளைப் பூ விற்கும் அம்மாளும், ஆற்றுகால் பொங்காலை நாளுக்கு மண்கலம் கொண்டுவந்து தெருவோரம் அடுக்கும் நம் தமிழ்நாட்டு வியாபாரியும் அந்தப் படத்தை வைத்திருக்கின்றனர். சில்லறைத் தொல்லை இல்லை; கள்ள நோட்டுப் பயம் இல்லை. இது பெரிய சௌகரியம் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால், சௌகரியம் வந்த வழியிலேயே திருடனும் வருகிறான்.

அதே 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்நகரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வெள்ளயம்பலம் ஆல்தறைச் சந்திப்பில் இருந்த ஏ.டி.எம். ஒன்றில் வெளிநாட்டார் சிலர் இரகசியக் கருவியும் காமிராவும் பொருத்தி, அட்டை விவரங்களைத் திருடி, பம்பாயில் இருந்துகொண்டு பணத்தை எடுத்தனர். ருமேனிய நாட்டவன் ஒருவன் அங்கேயே பிடிபட்டான். அன்று பணம் இழந்தவர்மீது யாதொரு பிழையும் இல்லை. பூட்டை உடைத்துத் திருடிய திருட்டு அது. இன்று நடப்பதோ பெரும்பாலும் வேறு வகை. திருடன் கதவைத் தட்டுகிறான். நாமே எழுந்து திறந்துவிடுகிறோம்.

இதைப் பிறர் கதையாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வீடு மாறும்போது எங்கள் பழைய பீரோ ஒன்றை விற்க எண்ணி, விளம்பரத்தளம் ஒன்றில் படத்துடன் வெளியிட்டோம். அன்று மாலையே ஒருவன் அழைத்தான். தான் இராணுவத்தில் பணியாற்றுவதாகக் கூறினான். 8,000 ரூபாய் என்றோம். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டான். சாலைக் கடைத்தெருவில் பழகியவர்க்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்! முதலில் ஐந்து ரூபாய் அனுப்பினான். அது எங்கள் கணக்கில் வந்து சேர்ந்தது. பிறகு ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் எண்ணைப் போடுங்கள், 8,000 வந்துவிடும்" என்றான். போட்டோம். பணம் போயிற்று. "தவறு நேர்ந்துவிட்டது, இன்னொரு முறை போட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பும்" என்றான். பதற்றத்தில் அதையும் செய்தோம். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஒதுக்கியிருந்த 16,000 ரூபாய் ஐந்து நிமிஷத்தில் கரைந்தது.

அதனினும் பெரிய பிழை அதன் பின்னரே நிகழ்ந்தது. அலுவலகத்தில் பத்து ரூபாய் குறைந்தாலும் அன்றைய கணக்கிலேயே காட்டிவிட்டு, கைப்பணத்தைக் கட்டுவது வழக்கம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் மறைப்பதில்லை. அப்படிப் பழகிய நாமே, வீட்டில் 16,000 குறைந்தபோது மூன்று நாள் வாய் திறக்கவில்லை. "பணம் எண்ணும் உத்தியோகம் பார்ப்பவர் ஏமாந்தாராம்" என்று சொல்வார்களே என்ற வெட்கம்! நான்காம் நாள், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் விஷயம் அறிந்து, "பணம் வாங்குவதற்கு எதற்கப்பா பின் எண்?" என்று கேட்டாள். விடை சொல்ல நா எழவில்லை. அன்று புகார் கொடுத்தோம். அதற்குள் பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவி எங்கோ எடுக்கப்பட்டுவிட்டது. முதல் நாளே வந்திருக்கலாமே என்று அங்கிருந்தவர் சொன்ன சொல் இன்னும் காதில் ஒலிக்கிறது.

அந்தக் குழந்தை கேட்ட கேள்வியே இவ்விஷயத்தின் மூலமந்திரம். பணம் பெறுவதற்குப் பின் எண் வேண்டியதில்லை. ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. பின் எண் என்பது பணம் போகும் வாசலின் சாவி. வரும் வாசலுக்குச் சாவியே கிடையாது. முன்னர், பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பி ஏமாற்றும் வழி ஒன்றும் இருந்தது. தனிநபர்களுக்கு இடையிலான அவ்வகைக் கோரிக்கைகள் 2025 அக்டோபர் மாதம் முதல் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆயினும் ஸ்கேன் செய்யச் சொல்லும் வழி இன்னும் அடைபடவில்லை.

இனி, விற்பவர்க்கு. வாங்குபவர் தம் கைப்பேசியை நீட்டி, "பாருங்கள், அனுப்பிவிட்டேன்" என்று காட்டும் பச்சை நிற அடையாளம் பணமன்று. அது வெறும் படம். அத்தகைய படத்தைப் போலியாகக் காட்டும் செயலிகளும் உலவுகின்றன. நம் கணக்கில் வரவு ஏறியதைக் கண்ட பின்னரே பொருளைக் கொடுக்க வேண்டும். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீதைக் காணாமல் மூட்டையை விடுவதில்லை அன்றோ? ஒலிப்பெட்டி வைத்திருப்பவர்க்கு இது எளிது. எனினும் மாலையில் கணக்கை ஒத்துப்பார்ப்பது அவசியம்.

கடையில் ஒட்டியிருக்கும் படத்தின்மேல் வேறு படத்தை இரவோடு இரவாக ஒட்டிவிடுவதும் உண்டு. ஆகவே காலையில் கடை திறந்ததும் வேறொரு கைப்பேசியால் ஸ்கேன் செய்து, நம் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். 2025-ஆம் ஆண்டு இந்நகரிலேயே அலங்கார நகை விற்கும் கடையொன்றில், கடையின் படத்துக்குப் பதிலாக ஊழியர்கள் தங்கள் படத்தைக் காட்டிப் பல லட்சம் பெற்றனர் என்று குற்றச்சாட்டு எழுந்து வழக்காயிற்று. தீர்ப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு. நாம் கற்க வேண்டியது, அன்றாடக் கணக்கை அன்றே பார்க்க வேண்டும் என்பதே. "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்று எவரேனும் அழைத்தால், வந்த குறுஞ்செய்தியை நம்பாதீர். கணக்கின் இருப்பைப் பாருங்கள்.

அடுத்து, வாங்குபவர்க்கு. ஸ்கேன் செய்ததும் திரையில் தோன்றும் பெயரைப் படித்த பின்னரே தொகையைப் போடுங்கள். வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரையே காட்டவேண்டும் என்பது 2025 ஜூன் 30 முதல் விதி. பூக்கடைக்குக் கொடுக்கும் பணத்துக்கு முன்பின் அறியாத பெயர் வந்தால், கடைக்காரரை ஒருமுறை கேட்பதில் தவறில்லை. அவருக்கும் அது நன்மையே. முகம் தெரியாத விற்பனையாளர்க்கு முழுத் தொகையையும் முன்பணமாக அனுப்பாதீர். நம் முன்னோர் தபாலில் வி.பி.பி. மூலம் புத்தகம் தருவித்தபோது, பார்சல் வாசலுக்கு வந்த பின்னரே பணம் கட்டினர். பொருள் வந்தபின் பணம் தரும் வழி இருந்தால் இன்றும் அதையே மேற்கொள்ளுங்கள்.

வங்கியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி முதலில் கண்ட எண்ணை அழைப்பது ஆபத்து. பாஸ்புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்ட எண்ணே சரியானது. ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவனும், நம் திரையைத் தான் பார்ப்பதற்கென்று ஒரு செயலியைப் பதியச் சொல்பவனும் எந்தப் பெயரில் வந்தாலும் திருடனே. எமது இலாகாவைப் பற்றியும் ஒன்று: இணையவழி எடுத்த ரயில் டிக்கெட்டை ரத்துச் செய்தால், சேரவேண்டிய பணம் செலுத்திய கணக்குக்கே தானாகத் திரும்பும். அதற்காக எவரும் உங்களை அழைத்து விவரம் கேட்பதில்லை.

சில வேளை நம் கணக்கில் பணம் கழிந்துவிடும், கடைக்காரர்க்குச் சேராது. அங்கே இருவரும் சண்டையிட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, கடைக்குச் செலுத்திய தொகை சேராவிடில், செலுத்திய நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்பவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நமக்கு ஈடு தரவேண்டும்.

இத்தனைக்கும் மீறிப் பணம் பறிபோனால் என் செய்வது? உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். அது நாடு முழுவதற்கும் பொதுவான சைபர் குற்ற உதவி எண். விரைந்து சொன்னால், பணம் சென்ற கணக்கிலேயே அதை முடக்கி நிறுத்த வழியுண்டு. அடுத்து, வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணைப் பெறுங்கள். 2017-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விடுத்த நெறியைக் கவனியுங்கள்: வாடிக்கையாளரின் அஜாக்கிரதையால் நேர்ந்த நஷ்டமாயினும், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரைதான் அவர் பொறுப்பு, தெரிவித்தபின் மேலும் போனால் அது வங்கியின் பொறுப்பு. நம்மீது பிழையில்லாமல் வெளியாரால் நேர்ந்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமே இல்லை. வங்கி 30 நாட்களில் தக்க விடை தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். பார்த்தீர்களா? ஒவ்வொரு விதியும் காலத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது. நாங்கள் வெட்கப்பட்டு வீணாக்கிய மூன்று நாள் எவ்வளவு விலையுயர்ந்தது என்பது இப்போது விளங்குகிறது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்தத் தா, கமிஷன் தருகிறேன்" என்று எவரேனும் ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள். திருட்டுப் பணம் தங்கிப்போகும் சத்திரமாக உங்கள் கணக்கு ஆகிவிடும். போலீசார் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவையே.

இறுதியாக எமது வேண்டுகோள் ஒன்றே. வீட்டில் வயதான தாயோ, மாமனாரோ, பள்ளி செல்லும் பிள்ளையோ பணம் ஏமாந்துவிட்டேன் என்று வந்து சொன்னால், "இதுகூடத் தெரியாதா?" என்று சினந்து பேசாதீர். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பலர் மறைக்கின்றனர். அந்த மௌனந்தான் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். முதலில் 1930-ஐ அழையுங்கள். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி நாட்காட்டியின் அருகில் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் அதை எழுதி ஒட்டியவள் எங்கள் மகளே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் பெரியோர். அளந்து போடுவோம். அளவு தவறினால் அன்றே வாய்விட்டுச் சொல்வோம்.