மேலதிகாரியின் ஆணையும் மீட்பவர் உயிரும்

 

இக்கழகத்தின் விடுதியில் தங்கிப் படித்த நாங்கள் சிலர் இன்று அவசர மருத்துவப் பணியில் இருக்கிறோம். அப்பணிக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு, பாடநூலில் இருந்தும் களத்தில் கடைப்பிடிக்க அரிதான ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. இப்பணிக்கு வருவோர் கற்கும் முதற்பாடம், நோயாளியைத் தொடுமுன் இடத்தைப் பார் என்பதாகும். அறுந்து கிடக்கும் மின்கம்பி, கசியும் வாயு, விரைந்தோடும் வண்டிகள், சினங்கொண்ட கூட்டம் ஆகிய எதுவும் மீட்கச் சென்றவரையே வீழ்த்திவிடும். ஆனால் மேலதிகாரி, "ஏன் நிற்கிறாய்? இறங்கு!" என்று அதட்டும்போது அப்பாடத்தைப் பற்றி நிற்பது எளிதன்று.

கழிவுநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கு உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டையின் நாற்றம் உடையது. 10 இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்னும் அளவை அது எட்டும்போது மூக்கு அந்நாற்றத்தையே உணராது போகிறது. நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று நம்பி இறங்குபவர், வாயு மேலும் மிகுந்திருந்தால் சில மூச்சுகளிலேயே மயங்கி வீழ்வார். முகத்தில் கட்டிய துணி அதைத் தடுக்காது. ஒருவர் வீழ, அவரைத் தூக்க மற்றொருவர் இறங்க, சாவு தொடர்கிறது. இத்தகைய அடைபட்ட இடங்களில் மாண்டோருள் 100க்கு 60 பேருக்கு மேல் மீட்கச் சென்றவர்களே என்று அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் எச்சரித்தது.

நம் நாட்டில் அக்குழியருகே யாரைப் பார்த்து 'இறங்கு' என்று சொல்கிறார்கள் என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. துப்புரவு செய்ய இறக்கப்பட்டவனும் நம்மவன். அவனைத் தூக்க ஏவப்படுபவனும் பெரும்பாலும் நம்மவன்.

மேலதிகாரியைத் தீயவர் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டா. மூளைக்கு உயிர்வாயு நின்றால் 4 முதல் 6 நிமிடங்களில் கேடு தொடங்கிவிடுகிறது. கூட்டமும் கூச்சலிடுகிறது. அவருடைய பதற்றத்துக்குக் காரணம் உண்டு. ஆகவே 'முடியாது' என்று கைகட்டி நிற்பது நம் கடமையை முடித்துவிடாது. மறுப்போடு மாற்றுவழியும் வர வேண்டும்.

"ஐயா, உள்ளே நச்சுவாயு இருக்கலாம். மூச்சுக்கருவி இன்றி இறங்கினால் ஒருவருக்குப் பதில் இருவரைத் தூக்க நேரும். தீயணைப்புப் படையை உடனே அழைப்போம்" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். அடுத்த நொடியே வேலையில் இறங்குங்கள். இன்னொருவர் குதிக்காமல் தடுங்கள். மயங்காதவராயின் கயிறு எறிந்து பற்றச் சொல்லுங்கள். உயிர்வாயு உருளையையும் தூக்குப்படுக்கையையும் மேலே ஆயத்தமாக வையுங்கள். கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி சொல்லி, இடப்பட்ட ஆணையையும் உங்கள் மறுமொழியையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். வாயால் இடப்பட்ட ஆணை மறுநாள் மறைந்துபோகும், எழுதியது நிற்கும்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்கித் தூய்மை செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தடை செய்கிறது. முதற்குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். அத்தகைய சாவுக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2014இல் 10 இலட்சம் என்றும், 2023இல் 30 இலட்சம் என்றும் வகுத்தது. எனினும் எந்தத் தொகையும் ஒரு தாய்க்கு மகனைத் திருப்பித் தராது. குழிக்குள் எவரும் இறக்கப்படாதிருப்பதே முதல் மீட்பு.

அன்பிற்குரிய இளைஞர்களே! 1945இல் அண்ணல் அம்பேத்கர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். வேலை தேடித் தருவது மட்டுமே கல்வியின் பயன் என்று நாம் கொள்ளலாகாது. ஏவியதைச் செய்தே பழக்கப்படுத்தப்பட்ட ஒரு சமுதாயத்தின் பிள்ளை, ஆணையிடுபவரின் முகம் பார்த்து, காரணத்தோடும் மரியாதையோடும், "இது பாதுகாப்பன்று, ஐயா" என்று சொல்ல வேண்டும். இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தந்துவரும் கல்வி அந்தச் சொல்லாக உங்கள் நாவில் நிற்கட்டும் என்று வேண்டி அமைகிறோம்.