போத்தலுக்குள் தேரை



கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளப்பார் என்பார்கள் நம் பெரியவர்கள். போத்தலுக்குள் இருக்கும் தேரைக்கு யார் படியளப்பது? பிடித்து அடைத்தவர்தான்.

மழை நாளில் கானோரம் தத்திப் போகும் குட்டித் தேரையைப் பிடித்து, தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் ஜாம் போத்தலில் போடுவார்கள். கொஞ்சம் புல், ஒரு கல், மூடியில் நாலு ஓட்டை. வீடு தயார்! மறுநாள் வெயில் பட்டால் அந்த வீடே அடுப்பாகிவிடும்.

மூடிய கண்ணாடி செடிக்குச் சரிவரும். 1829 அளவில் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், மூடிய போத்தலுக்குள் பெரணிச் செடி தானாக முளைத்திருப்பதைக் கண்டார். மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே இறங்கியது. அந்த யோசனையில் பிறந்த பெட்டிகளில்தான் தாவரவியலாளர் ராபர்ட் ஃபோர்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயமலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்.

தேரை தேயிலைக் கன்று அல்லவே. அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சும். அசையும் பூச்சிதான் அதற்கு இரை. செத்த ஈயைப் போட்டால் திரும்பியும் பார்க்காது.

பிடித்தது என்ன தேரை என்பதும் நமக்குத் தெரியாது; அரிய இனமாகவும் இருக்கலாம். 1872 இல் அறிவியல் பெயர் பெற்ற கண்டிக் குறுந்தேரை, 2004 இல் அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. 2009 இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அது உயிரோடு அகப்பட்டது! பாதுகாக்கப்பட்ட இனங்களைப் பிடிப்பது சட்டப்படியும் குற்றம்.

ஆகவே கண்ணாடி இல்லாத வீடு ஒன்று கட்டுவோம். மரக்கறித் தோட்டத்தில் வெயில் விழாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். உடைந்த மண்சட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாதி புதையுங்கள். உள்ளே ஈரமண்ணும் சருகும் பரப்புங்கள். பக்கத்தில் தட்டையான பாத்திரத்தில் பீலித் தண்ணீர். விரற்கடை ஆழம் போதும். ஏறிவர ஒரு கல்லும் வையுங்கள். அந்தப் பக்கம் களைநாசினி மட்டும் அடிக்காதீர்கள். தண்ணீரை உறிஞ்சும் தோல் நஞ்சையும் உறிஞ்சிவிடும்.

தேரையைத் தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது; அதன் தோலிலும் நஞ்சு உண்டு.

தேரையைத் தேடிப் பிடித்து வந்து குடிவைக்க வேண்டாம். ஈரமும் இருட்டும் பூச்சியும் இருந்தால் அதுவாக வரும். பிடிக்காவிட்டால் அதுவாகப் போகும். போத்தலில் இல்லாத வசதி அதுதான்.