தெரிந்தவரிடமும் ரசீது

பிள்ளைகளின் படிப்புக்காக எத்தனையோ செலவுகளைத் தள்ளிவைத்த பெற்றோர்களே, இன்று பட்டம் வாங்கும் மாணவ மாணவியரே,

நான் நெல்லைக் கொக்கிரகுளத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள். காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடம். ரசீது போடுவது, வவுச்சர் எழுதுவது, சம்பளப் பட்டியல், வங்கி, தணிக்கை, பொதுக்குழுவுக்கு நாற்காலி சொல்லிவைப்பது எல்லாம் ஒரே மேஜையில் நடக்கும். அந்த மேஜையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கன்னடியன் கால்வாயை உங்களில் பலர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தாமிரபரணியிலிருந்து பிரிந்து, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கால். அதை வெட்டியவரைப் பற்றி அங்கே ஒரு கதை உண்டு. சொல்கிறவருக்குச் சொல்கிறவர் கொஞ்சம் மாறும். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவருக்கு மலையாள ராஜாவிடமிருந்து பெரும் செல்வம் தானமாகக் கிடைத்தது. அதைத் தர்மத்துக்குச் செலவிட நினைத்தார். எப்படிச் செலவிடுவது என்று அகத்தியரிடம் கேட்டு வரப் பொதிகைக்குப் புறப்பட்டபோது, அம்பாசமுத்திரத்துக் கோயில் அர்ச்சகரிடம் செல்வத்தைக் கொடுத்துவைத்தார். திரும்பி வந்து கேட்டால், பொன்னும் மணியும் இருந்த இடத்தில் துவரம்பருப்பு இருந்தது. வழக்கு ராஜாவிடம் போனது. அர்ச்சகர் சாமியின் சக்தியைப் புளியமரத்துக்கு மாற்றிவிட்டு, சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்யத் தயாரானார். அந்தப் புளியமரத்தைத் தொட்டே சத்தியம் செய்யச் சொன்னார் கன்னடியர். அர்ச்சகர் எரிந்துபோனார். அம்பாசமுத்திரத்துச் சாமிக்கு எரிச்சாவுடையார் என்ற பெயர் அதனால் வந்தது என்பார்கள்.

சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்கு நெருப்புதான் பெரிதாகத் தெரிந்தது. கணக்கு எழுத வந்த பிறகு வேறொன்று உறுத்தத் தொடங்கியது. அந்தச் செல்வத்தை அவர் திருடனிடம் கொடுக்கவில்லை. ஊரே கையெடுத்துக் கும்பிடும் ஒருவரிடம் கொடுத்தார். எண்ணி, எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு ஓலை இருந்திருந்தால் சாமி வரவேண்டிய தேவை இருந்திருக்காது. அர்ச்சகரும் ஒருவேளை அந்தப் பாவத்தில் விழாமல் இருந்திருப்பார். இந்தப் பின்பகுதியைத்தான் நான் அதிகம் நினைப்பேன்.

சின்ன நிறுவனத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள். “நம்ம ஆளுதான, எதுக்கு ரசீது?” என்று கேட்பார்கள். நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு பொருளாளர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் நன்கொடை வாங்கி வருவார். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு, அதில் அவருக்கு மட்டும் புரிகிற எழுத்து. அவரைப் போல நேர்மையான ஒருவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒருநாள் காலையில் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறு முடிந்து அவர் மகன் ஒரு பழுப்பு நிறக் கவரோடு வந்தார். உள்ளே பதினெட்டாயிரம் ரூபாய். “இது அப்பாவோடதா, உங்களோடதா, எனக்குத் தெரியல” என்றார். எங்களுக்கும் தெரியவில்லை. அவர் அந்தப் பணத்தை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் இரண்டு தெருக்களில் வேறுமாதிரிப் பேச்சு எழுந்தது. கவர் ஒன்றுதானா, இன்னும் இருந்ததா என்று கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் ஒரு பைசா எடுக்காதவருடைய பெயரைக் காப்பாற்ற எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அன்றைக்குத்தான் ரசீதுப் புத்தகம் யாருக்காக என்று எனக்குப் புரிந்தது. கள்ளனைப் பிடிப்பது அதன் சின்ன வேலைதான். நல்லவரை நல்லவராகவே ஊரில் நிற்கவைப்பது பெரிய வேலை.

இதை நம் முன்னோர் தெரிந்தே வைத்திருந்தார்கள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக அவற்றைப் படித்திருப்பீர்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவருடைய உறவினர்களும் வர முடியாது என்ற விதியும் அதில் இருக்கிறது. நமக்குப் பக்கத்து மானூரில், சுமார் 1200 வருஷங்களுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சபையில் எதைச் சொன்னாலும் மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு அபராதம் என்கிறது. பொதுக்குழுவில் மினிட் புத்தகம் எழுதியவர் யாருக்கும் அந்த விதியின் அருமை தெரியும்.

கணக்கின் அருமையை நம் காலத்திலும் காட்டுகிற ஓர் ஊர் உண்டு, தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த ஊர். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து அவருடைய கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போயிற்று. அப்போது அவருக்கு ஏறக்குறைய உங்கள் வயது. 1981, ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய ஆண்டு. அந்த ஆண்டில் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆய்க்குடி என்றால் எனக்கு இன்னொருவர் நினைவும் சேர்ந்தே வரும். எஸ். சங்கரராமன். தசைச்சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருப்பவர், படிப்பால் சி.ஏ., பட்டயக் கணக்காளர். 1992இல் ஆய்க்குடி வந்து சேர்ந்தார். அந்தப் படிப்போடு நகரத்தில் வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் இந்தக் கிராமத்துச் சங்கத்துக்கு வந்தார். ஒருவர் கனவைத் தொடங்கினார். அதைக் கணக்கில் நிறுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த இடம் இத்தனை பெரிதாக வளர்ந்ததற்கு இந்தச் சேர்க்கை ஒரு முக்கியக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். வணிகவியல் படித்த பிள்ளைகள் ஒருதடவை ஆய்க்குடி போய்ப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது உங்கள் மேஜைக்கு வந்துவிடும். 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கை மாவட்டப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். வரிவிலக்கு நீடிக்க, வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டுக் காட்ட வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு அந்த நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. வெளிநாட்டுப் பணம் என்றால் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளை வழியாகத்தான் வர முடியும்.

அதே திருத்தத்தில், வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. நிர்வாகத்தின் பெயரால் பணத்தை விழுங்கியவர்கள் உண்டு, அவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் கொடுக்கிறவர்கள் மனத்திலும் இப்படி ஒரு கோடு விழுந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம். “என் பணம் நேராகக் குழந்தைக்குப் போகணும், சம்பளத்துக்குப் போகக் கூடாது” என்று சொல்லிக் கொடுப்பார்கள். குழந்தைக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பவர் சம்பளம் வாங்கும் ஒரு டீச்சர். நேராகப் போயிற்றா என்று பார்த்துச் சொல்வதும் சம்பளம் வாங்கும் ஓர் ஆள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அணையும் மடையும் இல்லாவிட்டால் வயலுக்கு ஒரு சொட்டு ஏறாது. மடையைத் திறந்து மூடுகிறவனுக்கு நம் ஊரில் நெல் அளந்து கொடுத்தார்கள். யாரும் அதை வீண்செலவு என்று சொல்லவில்லை.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். ஒரு மார்ச் மாதம் சம்பளத்துக்குப் பணம் இல்லை. வரவேண்டிய உதவித்தொகை தள்ளிப்போனது. காதொலிக் கருவிக்கென்றே ஒருவர் கொடுத்த தொகை வங்கியில் இருந்தது. ஏப்ரலில் திருப்பி வைத்துவிடலாம் என்று அதிலிருந்து சம்பளம் போட்டேன். செயலாளரும் சரி என்றார். டீச்சர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. உதவித்தொகை வந்தது ஆகஸ்டில். நான்கு வயதுக் குழந்தை ஒன்று கருவிக்காக ஐந்து மாதம் காத்திருந்தது. மொழி காதில் விழவேண்டிய வயது அது. நான் ஒரு பைசா எடுக்கவில்லை, கணக்கு கடைசியில் சரியாகவே வந்தது, ஆடிட்டரும் கையெழுத்துப் போட்டார். அந்த ஐந்து மாதத்தை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பேன்? அதற்குப் பிறகு, ஒரு காரியத்துக்கென்று வந்த பணத்தைத் தனி வங்கிக் கணக்கில்தான் வைக்கிறோம். மூன்று மாதச் சம்பளத்துக்குரிய தொகையைக் கையிருப்பாகச் சேர்க்க ஏழு வருஷம் ஆயிற்று.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயிலை மூடிக்கொண்டு ஆறு போயிற்று. எங்கள் தரைத்தள அலுவலகத்தில் இடுப்பளவு தண்ணீர். கம்ப்யூட்டர் போயிற்று, நாற்காலிகள் போயின. பழைய பேரேடுகளும் ரசீது அடிக்கட்டைகளும் பரண்மேல் இருந்ததால் தப்பின. அந்த வாரம் முழுக்கச் சேறு அள்ளினோம். உதவியும் வந்துகொண்டே இருந்தது. அரிசி, பாய், போர்வை, யார் யாருடைய போனுக்கோ வந்த பணம். ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு, வந்தது, போனது, வாங்கியவர் கையெழுத்து என்று எழுதினோம். பால் பாக்கெட்டுக்குக்கூட.

ஏழெட்டு நாள் கழித்து ஒரு பாட்டி வந்தார். பீடி சுற்றுகிறவர். அவர் பேரன் எங்களிடம் படித்துப் போனவன். அவன் போன பிறகும் மாதம் தவறாமல் ஐம்பது ரூபாய் கொண்டுவந்து கொடுப்பார். வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய தெருதான் அவருடையதும். போர்வை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து எடுக்கப் போனேன். கையமர்த்திவிட்டு, முந்தானையிலிருந்து ஈரமாய் ஒட்டிப்போன காகிதக் கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் கொடுத்த ரசீதுகள். மை கரைந்து நீலமாய்ப் பரவியிருந்தது.

“இத மறுபடி எழுதித் தர முடியுமாம்மா?”

எதற்குப் பாட்டி என்று கேட்டேன்.

“எம் பேரு அதுல இருந்துச்சுல்லா.”

பரணிலிருந்து அடிக்கட்டைகளை இறக்கினோம். ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து, பெயர் பார்த்து, நகல் என்று மேலே குறித்து, நானும் இன்னொரு பெண்ணும் எழுதத் தொடங்கினோம். மொத்தம் எழுபத்து மூன்று ரசீதுகள். முடியும்வரை பாட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசி ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும், இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து அந்த மாதத்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார். புதுப் புத்தகத்தைப் பிரித்து, முதல் ரசீதை அவர் பெயருக்கு எழுதினேன்.