இசைத்தட்டுக்கு ஏற்ற எந்திரம்



கல்யாணப் பந்தலில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி நாகஸ்வரத் தட்டுப் போட்ட காலம் போய்விட்டதாயினும், அந்தத் தட்டுகளில் பல, ஆரணிப் பட்டு நெய்யும் இந்த வட்டாரத்தில், நம் சேத்துப்பட்டு முதலிய ஊர்களில், தறிவீட்டுப் பரண்களிலும் பழைய சவுண்டு சர்வீஸ்காரர்களின் மரப்பெட்டிகளிலும் இன்னும் கிடக்கத்தான் செய்கின்றன. அவற்றை மறுபடியும் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு, பழைய எந்திரத்தைத் தேடுவதா, புதியதை வாங்குவதா என்ற சந்தேகம் எழுகிறது. அதை நிர்ணயிக்க வேண்டியவை கைவசமுள்ள தட்டுகளே என்பது என் அபிப்பிராயம்.

நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவருடைய குரலும், நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுகளில் பதிவானவை. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட நீண்டநேரத் தட்டு, நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுழல்வது; எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் வந்த வேங்கடேச சுப்ரபாதம் அவ்வகையது. வேகம் மட்டுமா வேறு? அரக்குத் தட்டின் பள்ளத்துக்கு ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரமுள்ள முள்முனை வேண்டும். நீண்டநேரத் தட்டுக்கோ அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். சிறிய முள்ளை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியிலே உருண்டு இரைச்சலை அள்ளுமே தவிர, நாதத்தைத் தராது. ஆகவே ஒரே முள்ளால் இரண்டையும் கேட்டுவிடலாம் என்று எண்ணுவது தட்டுக்குத் தீங்கு.

பழைய எந்திரங்களில் இங்கிலாந்தின் காரார்டு 301 பெரும் புகழ் பெற்றது. ரப்பர் சக்கரம் ஒன்று தட்டுமேடையின் விளிம்பை உராய்ந்து சுழற்ற, 78 உட்பட மூன்று வேகங்களையும் தரும் அதன் திடமான கட்டுமானம் இன்றைக்கும் வியக்கத்தக்கது. ஆனால் அந்த ரப்பர் இறுகிவிட்டால் உறுமல் கேட்கும். அச்சிலே எண்ணெய் வற்றியிருந்தால் சுழற்சி தடுமாறும். பட்டுச்சேலையைப் புரட்டிப் பின்புறம் பார்த்து விலை பேசுவதுபோல, மேடையைத் தூக்கி உள்ளே பார்க்காமல் பழைய எந்திரத்துக்குப் பணம் கொடுக்கலாகாது.

இதைவிட முக்கியமானது சுருதி. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால் ஏறத்தாழ ஒரு ஸ்வரஸ்தானமே இறங்கிவிடும். அமெரிக்காவின் 60 சைக்கிள் மின்சாரத்துக்கென்று செய்த எந்திரத்தை, மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை மாத்திரம் வைத்து நம் 50 சைக்கிள் மின்சாரத்தில் ஓட்டினால், மோட்டாரின் கப்பி மாற்றப்படாத வரையில், பாடகரின் ஸட்ஜமம் மூன்று ஸ்வரஸ்தானம் தாழ்ந்து நிற்கும். மேற்கத்திய நடனப் பாட்டில் இது பொறுக்கத்தக்கதாயிருக்கலாம். தம்பூராவின் மீது எழுப்பப்பட்ட நம் சங்கீதத்தில் பொறுக்கவே முடியாது. எனவே வாங்குமுன் ஒரு நாகஸ்வரத் தட்டைப் போட்டு, நீண்ட கார்வை ஒன்றில் ஸ்வரம் அசையாமல் நிற்கிறதா என்று காதாலேயே பரீட்சித்துக்கொள்ளுங்கள்.

புதியவற்றில், சூட்கேஸ் வடிவத்தில் வரும் மலிவான பெட்டிகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவற்றின் முள் பெரும்பாலும் ஐந்து கிராமுக்கு மேல் தட்டை அழுத்தும்; நல்ல எந்திரத்தில் இரண்டு கிராமே போதுமானது. பெல்டினால் சுழலும் நடுத்தர எந்திரமும், முள்ளை மாற்றக்கூடிய காட்ரிட்ஜும், அதன் நுண்ணிய ஒலியை வலுப்படுத்தும் போனோ பிரீஆம்ப் ஒன்றும் இருந்தால் இல்லத்துக்குப் போதும். தறி ஓடும் வீட்டில் இதைத் தரையில் வைக்காதீர்கள். மிதிப்பலகையின் அதிர்வு முள்ளுக்கு ஏறிவிடும். தறிக்கூடத்தை ஒட்டாத சுவரில் பலகை அடித்து அதன்மேல் வையுங்கள்.

நீண்டநேரத் தட்டுகள் மட்டும் வைத்திருப்பவர் புதியதையே வாங்குக. அரக்குத் தட்டுகள் மிகுதியாயிருந்து, ரப்பரும் எண்ணெயும் மாற்றத் தெரிந்த மெக்கானிக்கும் அருகிலிருந்தால், பழையது கொடுத்த பணத்துக்கு மேலாகவே பயன் தரும். எதை வாங்குவதாயினும், இன்றே பரணில் ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் தட்டுகளை எடுத்துத் தூசி போக்கி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். எந்திரத்தைப் பிறகு நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்.