சொந்த இதழும் சொந்தக் கணினியும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசவேண்டிய இம்மேடையில் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். நான் கணினித் துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். பழுதான வானொலியைப் பிரித்துப் பார்ப்பதும், பிறர் கழித்துவிட்ட கணினிக்கு உயிரூட்டுவதும், மொட்டைமாடியில் வெப்பமானி வைத்து நாள்தோறும் அளவு குறிப்பதும் என் மாலைநேர விருப்பங்கள்.

சிறுவயதில் வானொலி பழுதுபார்க்கக் கற்க விரும்பி ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் கேட்ட முதற்கேள்வி, "எந்தத் தெரு?" என்பது. விடை சொன்னேன். இடம் இல்லை என்றார். அக்கேள்வியின் பொருளை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பல்லாண்டுகள் கழித்து, இயங்க மறுத்த கணினி ஒன்றைப் பற்றி இணையத்தில் ஓர் ஐயம் எழுப்பினேன். முகமறியா ஒருவர் அன்றிரவே படிப்படியாக வழி சொன்னார். அவர் என் தெருவைக் கேட்கவில்லை. அன்று தொடங்கிய உரையாடல் இன்றும் தொடர்கிறது.

ஆயினும் அவ்வுரையாடல் யாருடைய இடத்தில் நடக்கிறது? இவ்வினாவையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வினா புதிதன்று. நம் முன்னோர் இதற்கு விடை கண்டிருக்கின்றனர். ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1920 சனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழை வெளியிட்டார். அவ்விதழ் பற்றிய விளம்பரத்தைக் கட்டணம் தந்தாலும் வெளியிட இயலாது என்று 'கேசரி' மறுத்தது. பிறர் திண்ணையில் பேசுவதற்குப் பிறர் இசைவு வேண்டும் என்பதை உணர்ந்ததாலேயே அவர்கள் சொந்த இதழ் கண்டனர்.

இன்றைய திண்ணைகள் பெரும் நிறுவனங்களுக்கு உரியவை. 2023 முதல் எக்ஸ் எனப் பெயர் மாறிய ட்விட்டரில் 2019இல் நடந்ததை நினைவுகூர்க. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கு அவ்வாண்டு அக்டோபரில் முடக்கப்பட்டது. அடுத்து இதழாளர் திலீப் மண்டலின் கணக்கும் கட்டுப்படுத்தப்பட்டது. கணக்கு உண்மையானது என அன்று காட்டிய நீலக் குறியை வழங்குவதிலும் சாதிப் பாகுபாடு உள்ளது என்று தலித், பிற்படுத்தப்பட்ட மக்கள் குரலெழுப்பினர். அந்த நவம்பரில் இந்தியர் பலர் மாஸ்டோடன் என்னும் வேறோர் இடத்தை நாடினர்.

மாஸ்டோடன் என்பது யாது? 2016இல் ஜெர்மனியில் ஓய்கன் ரோச்கோ என்னும் இளைஞர் உருவாக்கிய மென்பொருள் அது. அதை அஞ்சல் நிலையங்களுக்கு ஒப்பிடலாம். சங்கரன்கோவிலில் இடும் கடிதம் இராசபாளையத்திற்கும் செல்லும், இலண்டனுக்கும் செல்லும். நிலையங்கள் வேறாயினும் விதி பொது. அவ்வாறே, ஆங்காங்குள்ள குழுக்கள் தத்தம் கணினியில் இம்மென்பொருளை நிறுவி, பொது விதியொன்றால் ஒன்றோடொன்று உரையாடுகின்றன. அப்பொது விதியை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 சனவரியில் முறைப்படி ஏற்றது. அனைத்திற்கும் உரிமையாளர் என ஒருவர் இல்லை.

இதனால் சாதி ஒழிந்துவிடுமா? ஒழியாது. வெறுப்பைப் பரப்புவோரும் இம்மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். 2019இல் காப் என்னும் அமெரிக்க வலைத்தளம் அவ்வாறே செய்தது. பல குழுக்கள் தத்தம் கதவைச் சாத்தி அதனோடு தொடர்பை அறுத்தன. கதவு தம் கையில் இருந்ததால் அது இயன்றது. மற்றொன்றையும் மறைத்தற்கில்லை. 2019இல் சென்றவர்களுள் பலர் விரைவில் திரும்பிவிட்டனர். நண்பர் கூடாத இடத்தில் தனிவீடு தனிமையையே தரும். வீடு கட்டினால் காவலும் செலவும் நம்முடையவை.

இது நம்மால் ஆகுமா என ஐயுறுவோர் பெங்களூரைப் பார்க்கட்டும். சுதர்சன் லே-அவுட் குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் துணையோடு ஒரு கணினி மையம் எழுந்தது. லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களை விலையின்றிப் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். அவற்றைக் கொண்டே அப்பகுதிப் பிள்ளைகள் கணினி கற்றனர். அம்மையத்தின் பெயர் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம். பெயரை மறைத்துக்கொண்டு அவர்கள் கற்கவில்லை. அண்ணலின் பெயரை வாயிலில் எழுதிவைத்துக் கற்றனர். தெருவின் பெயரைக் கேட்டு என்னைத் திருப்பியனுப்பிய அக்கடைக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தோன்றவில்லை.

எனவே, இவ்வெள்ளி விழாவில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினிகளைக் கழகத்திற்கு அளியுங்கள். லினக்ஸ் நிறுவிப் பழுதுநீக்கித் தருவது என் பொறுப்பு. இரண்டாவது, கழகத்தின் 25 ஆண்டுப் படங்களையும் குறிப்பேடுகளையும் நம் சொந்த வட்டில் இரு படிகளாகச் சேமிப்போம். மூன்றாவது, மாணவர்கள் தங்களுக்கு விருப்பமான சிறுசிறு செய்திகளை வாரந்தோறும் எழுதட்டும். விசைத்தறியின் பழுதைத் தந்தை எவ்வாறு நீக்குகிறார், எந்நாளில் எவ்வளவு மழை பெய்தது, பாட்டி அறிந்த மூலிகைகள் யாவை என்பனவெல்லாம் எழுதத்தக்கவையே. உலகின் எங்கோ ஒரு மூலையில் அதைத் தேடும் ஒருவர் இருப்பார். எழுதும் பழக்கமும் பராமரிக்கும் திறனும் வந்தபின் நமக்கென ஓர் இணைய நிலையத்தை நிறுவலாம்.

முன்னோர் நமக்குச் சொந்த இதழ் தந்தனர். நாம் நம் பிள்ளைகளுக்குச் சொந்தக் கணினியையும், அதைத் திறந்து பார்க்கும் துணிவையும் தருவோம். அங்கே கற்க வரும் எப்பிள்ளையையும் "எந்தத் தெரு?" என்று நாம் கேட்கமாட்டோம், "என்ன கற்க விரும்புகிறாய்?" என்றே கேட்போம்.