தண்டவாளத்தில் ஓடிய ஜீப்
(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ரங்கூனில் பிறந்தவர்களே, ரங்கூனைக் கதையாக மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளே! நாம் இங்கே பானகம் குடித்துக்கொண்டிருக்கும் இந்நாளில் பர்மாவில் திஞ்ஞான் கொண்டாடுகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள். சின்ன வயதில் எனக்கு இரண்டு பண்டிகையும் ஒன்றுதான் என்று நினைப்பு.

சென்ற ஆண்டு விழாவில் நான் செய்த சின்ன வண்டிகளை ஒரு மேசையில் வைத்திருந்தேன். பிள்ளைகள் வந்து, "தாத்தா, ஜீப்புக்கு ஏன் ரயில் சக்கரம் மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டார்கள். பெரியவர்கள் சிலர், இந்த வயதில் பொம்மை செய்கிறானே என்று சிரித்தார்கள். இந்த ஆண்டு செயலாளர் அவர்கள், "அதைப் பற்றியே பத்து நிமிஷம் பேசிவிடுங்கள்" என்று பணித்துவிட்டார். பேசுகிறேன். பத்து நிமிஷத்துக்குச் சற்றுக் கூடினால் பொறுத்தருள வேண்டும்.

என் தகப்பனார் இன்செயின் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவர். பர்மாவில் ரயில் வந்தது 1877ஆம் ஆண்டு மே முதல் தேதி. ரங்கூனிலிருந்து புரோம் வரை 161 மைல். அன்று முதல் இரண்டாவது உலகப் போர் வரை அந்த ரயிலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், அதாவது இந்தியாவிலிருந்து போனவர்கள். பர்மியர் ரயிலை மீயத்தா என்பார்கள். மீ என்றால் நெருப்பு, யத்தா என்றால் ரதம். நம் ரதம் என்ற சொல்தான் பாலி மொழி வழியாக அங்கே போயிருக்கிறது.

அப்பா 1942இல் மற்றவர்களைப் போல மலையேறி நடந்து வரவில்லை. மேல் பர்மாவிலேயே தங்கிவிட்டார். சண்டை முடியும் தறுவாயில் மொகாங் ஸ்டேஷனில் பட்டாளத்துக்காரர்களிடம் கூலி வேலை பார்த்ததாகச் சொல்லுவார். என்ன வேலை? "ஜீப்பை ரயிலாக்குற வேலை." ஜீப்பின் டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் ஏற்றுவார்களாம். அது பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுமாம்.

நாங்கள் 1964 கடைசியில் கப்பலேறி வந்தோம். எனக்கு ஏழு வயது. காலனியில் சாயந்தரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து அப்பா இந்தக் கதையைச் சொன்னால், ஊர் உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "பர்மாக்காரர் கதை ஆரம்பிச்சிட்டாரு" என்பார் ஒரு மாமா. ஒரு தடவை அப்பா, "முப்பது பெட்டியை ஒத்தை ஜீப்பு இழுத்துச்சு" என்று சொல்ல, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை என் முன்னால் சொன்னதில்லை. 1986இல் காலமானார். ஒரு போட்டோ கூடக் கிடையாது. கப்பலேறும்போது சமையல் பாத்திரமும் துணிமணியும் வந்தனவே தவிர, படம் எதுவும் வரவில்லை.

பல வருஷம் கழித்து, 2009இல், என் மகன் கம்ப்யூட்டரில் லண்டன் போர் அருங்காட்சியகத்தின் பழைய படங்களைக் காட்டினான். வடக்கு பர்மா, 1944. தண்டவாளத்தின் மேல் ஒரு ஜீப்! பின்னால் சரக்குப் பெட்டி. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். விஷயம் இதுதான். 1944 மே 17இல் நேச நாட்டுப் படைகள் மிச்சீனா விமானத்தளத்தைப் பிடித்தன. ஜூன் 26இல் மொகாங் விழுந்தது. மிச்சீனா நகரம் ஆகஸ்ட் 3இல்தான் கைக்கு வந்தது. ரயில் பாதை இருந்தது, ஆனால் இழுக்க இஞ்சின் இல்லை. குண்டு போட்டு எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. நீராவி இஞ்சினை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர முடியுமா? ஜீப்பை ஏற்றலாம். அதன் எடையே ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான். அந்த ஜீப்புகளைத் தண்டவாளத்தில் ஏற்றித்தான் அரிசியும் குண்டும் காயம்பட்டவர்களும் போய் வந்தார்கள். பிரிட்டிஷ் 36ஆவது டிவிஷன் தெற்கே இறங்கியது இந்த ரயில் பாதையை ஒட்டித்தான்.

சரி, கதை மெய். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த வண்டியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. செய்வது என்று முடிவு கட்டினேன்.

கடையில் விற்கும் பொம்மை ரயிலில் 45 மில்லிமீட்டர் தண்டவாளம் ஒன்று உண்டு. பர்மா ரயில் பாதை மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். இருபத்திரண்டரையால் வகுத்தால் 44 சொச்சம் வரும். ஆகவே இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் செய்தால் அந்தத் தண்டவாளத்துக்குப் பொருந்தும். ஜீப்பின் நீளம் 333 சென்டிமீட்டர், பொம்மையில் 148 மில்லிமீட்டர். அகலம் 157 சென்டிமீட்டர், பொம்மையில் 70 மில்லிமீட்டர். சைன்போர்டு செய்கிறவர்களிடம் கிடைக்கும் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி உடம்பு செய்தேன். பம்பருக்குப் பித்தளைப் பட்டை. சக்கரத்தை லேத் பட்டறையில் ஒரு தம்பி கடைந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் செய்து தண்டவாளத்தில் வைத்தால் வண்டி உட்காரவில்லை! நான்கு சக்கரமும் தண்டவாளத்துக்கு வெளியே தொங்குகின்றன. அளவெல்லாம் மறுபடி பார்த்தேன். தப்பில்லை. இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்ன ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. "சக்கரத்தை அப்படியே மாட்டுனா நிக்காதுடா. ரெண்டு பக்கமும் அரைச் சாண் உள்ளே தள்ளணும்."

கணக்குப் போட்டேன். ஜீப்பின் இடது டயர் நடுவிலிருந்து வலது டயர் நடுவுக்கு 49 அங்குலம். மீட்டர் தண்டவாளத்தின் உள்விளிம்புக்கு உள்விளிம்பு 39 அங்குலத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் பத்து அங்குலம். இரண்டு தண்டவாளத்தின் தலைப் பருமனையும் கணக்கில் எடுத்தால் பக்கத்துக்கு நாலு அங்குலம் அளவில் உள்ளே வர வேண்டும். ஒரு சாண் ஒன்பது அங்குலம். அரைச் சாண் நாலரை.

போட்டோவைப் பார்த்தபோது கூட நான் அழவில்லை. ஜீப் ஓடியதைத் தூரத்தில் நின்று பார்த்தவன் கூட ஜீப் ஓடியது என்று சொல்லிவிடலாம். அரைச் சாண் கணக்கு, கை வைத்தவனுக்குத்தான் தெரியும்.

முப்பது பெட்டி விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜீப் இஞ்சின் 60 குதிரை சக்தி. முப்பது பாரப் பெட்டியை அது இழுக்காது. சில இலகுவான பெட்டிகளை இழுக்கும், அவ்வளவுதான். அந்த மாமா சிரித்தது அந்த மட்டில் நியாயம். இப்போது அவரும் இல்லை.

இரண்டாவது வண்டிக்கு வருகிறேன், இந்த மேசையில் பச்சையாக இருக்கிறதே, லாரி மூக்கு வைத்தது. 2014இல் யாங்கோன் போயிருந்தேன். நாம் ரங்கூன் என்றால் அங்கே இளையவர்கள் விழிக்கிறார்கள். 1954இல் கட்டி முடித்த சென்ட்ரல் ஸ்டேஷன், ஊ டின் என்பவர் வரைந்தது, கோயில் கோபுரம் மாதிரி அடுக்குக் கூரையோடு அப்படியே நின்றது. அங்கிருந்து வட்ட ரயிலில் ஏறினேன். 45.9 கிலோமீட்டர், 39 ஸ்டேஷன். சுற்றி வர அப்போது மூன்று மணி நேரம். இன்செயினில் இறங்கி அப்பா வேலை பார்த்த பட்டறைப் பக்கம் நடந்தேன். டீக்கடையில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் பழக்கமானார். பர்மியர், ஆனால் "வணக்கம், சாப்பிட்டாச்சா" மட்டும் சுத்தமாகச் சொன்னார். பட்டறையில் கூட இருந்தவர்களிடம் கற்றதாம்.

அவர்தான் லாரி ரயிலைப் பற்றிச் சொன்னார். ரயில்வேயில் அதற்கு எல்.ஆர்.பி.இ. என்று பெயர், லைட் ரயில் பஸ் எஞ்சின். லாரியின் இஞ்சின், கியர்பாக்ஸ் முதலிய உறுப்புகளை வைத்து ரயில்வே தன் பட்டறையிலேயே கட்டி, கூட்டம் குறைந்த கிளைப் பாதைகளில் விட்ட வண்டி. அதில் ஹினோ லாரி உறுப்புகள் இருப்பதன் காரணம் சுவையானது. 1954 நவம்பர் 5இல் ஜப்பான், போர் நஷ்ட ஈடாகப் பத்து வருஷத்தில் 200 மில்லியன் டாலர் தருவதாக ரங்கூனில் ஒப்பந்தம் போட்டது. அந்தப் பணத்தில் வந்த திட்டங்களில் ஒன்று, ஹினோ லாரியைப் பர்மாவிலேயே பூட்டுவது. மாஸ்டாவின் சின்ன நாலு சக்கர டாக்சியும் அப்படி வந்ததுதான். பர்மாவில் எங்கே பார்த்தாலும் ஹினோ. கையில் இருப்பதை வைத்துத்தானே பட்டறைக்காரன் வேலை செய்வான்?

லாரி உறுப்பைத் தண்டவாளத்தில் வைப்பதில் சில சங்கடம் உண்டு. ரயில் அச்சில் இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். லாரி அச்சில் நடுவே டிபரன்ஷியல் இருக்கும். மழையில் ஒரு சக்கரம் வழுக்கினால் சக்தியெல்லாம் அந்தப் பக்கமே போய்விடும், வண்டி நகராது. இன்னொன்று, லாரிக்கு முன்னே போக நாலைந்து கியர், பின்னே போக ஒன்றே ஒன்று. கடைசி ஸ்டேஷனில் வண்டியைத் திருப்பியாக வேண்டும். "ரிவர்சிலேயே ஊர் திரும்பினால் மறுநாள்தான் வீடு" என்று அந்தப் பெரியவர் சிரித்தார்.

இந்த வண்டிக்கு என்னிடம் வரைபடம் இல்லை, போட்டோ மட்டுமே. ஆனால் தண்டவாளம் 1000 மில்லிமீட்டர் என்பது மாறாது. முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் அதை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டால் மற்ற அளவெல்லாம் அதிலிருந்து வந்துவிடும். இதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வண்டி மேசையில் இல்லை. பாதியில் நிற்கிறது. ஜப்பான் பட்டாளத்திடம் ஆறு சக்கர டீசல் லாரி ஒன்று இருந்தது. ரப்பர் டயர் மாட்டினால் ரோட்டில் ஓடும், இரும்புச் சக்கரம் மாட்டினால் தண்டவாளத்தில் ஓடும். சயாம்-பர்மா மரண ரயில் பாதையில் அவ்வகை வண்டிகள் ஓடின. 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர் 17இல் இரு பக்கமும் இணைந்தது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் ஆட்களை, பெரும்பாலும் தமிழர்களை, கொண்டு போனார்கள். தன்பியூசயாத்தில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை வரிசையாக இருக்கிறது, அவற்றில் பெயர் வெட்டியிருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி இல்லை.

அந்த லாரியை நான் செய்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி வந்து பார்த்தார்கள். மோல்மேன் பக்கத்துக்காரர்கள். அவர்களுடைய அண்ணனை ஜப்பான்காரன் வேலைக்குப் பிடித்துப் போனவன், திரும்பவே இல்லை. வண்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு. அதான் நல்லா இல்லை" என்றார்கள். பிறகு, "பக்கத்துல ஆளுங்களை வை. ஆளில்லாம வண்டி மட்டும் வைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு மனித உருவம் செய்ய வராது. செய்து பார்த்தேன், சோளக்கொல்லை பொம்மை மாதிரி வருகிறது. அப்படி ஒன்றை ஆச்சியிடம் காட்ட எனக்கு மனம் இல்லை. களிமண்ணிலோ மெழுகிலோ உருவம் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் என்னிடம் வாருங்கள். மூன்று அங்குலம் உயரம் வரை வேண்டும், குனிந்தவர், உட்கார்ந்தவர், நிற்பவர் எல்லாரும். வீட்டில் யாரிடமாவது பழைய பர்மா ரயில்வே போட்டோ இருந்தாலும் கொண்டுவாருங்கள். வாங்கி வைத்துக்கொள்ள மாட்டேன், பார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவேன்.

பந்தி போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் கை காட்டுகிறார். இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.